இஸ்திரி மேசையில் மூன்றாம் தாள்

வீட்டு முன்கூடத்தில் இருக்கும் எங்கள் இஸ்திரிக் கடையில் பழைய மர ஹேங்கர்கள் எல்லாவற்றுக்கும் கழுத்தில் ஒரு முறுக்குக் கம்பி இருக்கும். மெல்லிய கம்பியை இரண்டாக மடித்து, சடை பின்னியதுபோல் ஒரே சீராக முறுக்கி, கொக்கி கழன்று வராதபடி கட்டியிருக்கும். நுனியை உள்பக்கமாக மடக்கிவிட்டிருப்பதால் துணியிலும் மாட்டாது, விரலையும் கீறாது. சட்டை வாங்க வருகிறவர்களில் சிலர் அதைத் தடவிப் பார்த்து, "ஒரு ஹேங்கருக்கு இவ்வளவு வேலையாம்மா?" என்று கேட்பார்கள்.

"என் தங்கச்சி விமானத்துக்குக் கட்டிப் பழகினது" என்பேன். நான் வேடிக்கை பேசுகிறேன் என்று பாதிப் பேர் சிரித்துவிட்டுப் போவார்கள்.

வேடிக்கை இல்லை. விமான இன்ஜினில் ஒரு போல்ட்டை இறுக்கிவிட்டால் மட்டும் போதாது. அதிர்வில் அது கழன்றுவிடாமல் இருக்க, அதன் தலையில் இருக்கும் துளையில் கம்பியைக் கோத்து, பக்கத்து போல்ட்டோடு சேர்த்து முறுக்கிக் கட்ட வேண்டும். ஒன்று கழலப் பார்த்தால் மற்றது அதை இழுத்துப் பிடிக்க வேண்டும். இதைப் பழகிப் பார்க்க வீட்டில் வேறு எதுவும் அகப்படாமல் என் தங்கை ஹேங்கர்களைப் பிடித்துக்கொண்டாள். இன்றுவரை அவற்றில் ஒன்றுக்குக்கூடக் கொக்கி கழன்றதில்லை.

அவளுக்கு வீட்டில் பெயர் திருகாணி. பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதற்கு முன்பே வந்த பெயர். அவளுடைய சட்டையைத் துவைக்கப் போட்டால் பையில் இரண்டு திருகாணியாவது கிடக்கும். எதிலிருந்து கழற்றினாள் என்று தேடிக் கண்டுபிடிப்பது என் வேலை. ஒருநாள் வாசல் கதவின் பூட்டை உள்ளே இருந்தபடியே பிரித்துவிட்டாள். அம்மா வெளியே, நாங்கள் இருவரும் உள்ளே. நான் பயந்து அழுதேன். அவள் பூட்டின் உறுப்புகளைத் தரையில் வரிசையாக அடுக்கிவைத்துக்கொண்டு, "அழாதக்கா, எடுத்த வரிசையிலயே திருப்பிப் போட்டா சரியாயிடும்" என்றாள்.

அம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "உனக்கு மறை கழண்டது பத்தாதுன்னு கதவுக்கும் கழட்டிட்டியாடி?" என்று தெருவே கேட்கும்படி கத்தினாள்.

கதவு திறந்தது. ஆனால் ஒரு சின்ன ஸ்பிரிங் மிஞ்சிவிட்டது. அது இல்லாமலே அந்தப் பூட்டு நாங்கள் அந்த வீட்டைக் காலி செய்யும்வரை வேலை செய்தது. எங்களுக்கு அது போதும். அவளுக்குப் போதவில்லை. பெரியவளான பிறகும் திடீரென்று, "அந்த ஸ்பிரிங் எங்க போகணும்னு தெரியவே இல்லியேக்கா" என்பாள்.

நான் எட்டாம் வகுப்போடு நின்று அம்மாவோடு இஸ்திரி மேசைக்கு வந்துவிட்டேன். அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் கிடையாது. காலரின் முனை இரண்டும் ஒத்துப்போகும்படி தேய்ப்பதிலும், ஒருவர் துணி இன்னொருவருக்குப் போய்விடாமல் எண் போட்ட சீட்டைக் குத்திவைப்பதிலும் எனக்கு ஒரு நிறைவு உண்டு. திருகாணி தொழிற்பயிற்சி முடித்து, ஊருக்கு வெளியே விமானங்களைப் பழுதுபார்க்கும் பெரிய ஷெட்டில் உதவியாளாகச் சேர்ந்தாள். எண்ணெய் சொட்டும் இடத்தில் தட்டு வைப்பது, கழற்றிய உறுப்புகளைக் கழுவிக் கொடுப்பது, டெக்னீஷியன் இன்ஜினுக்குள் தலையை விட்டிருக்கும்போது விளக்குப் பிடிப்பது, இவைதான் அவள் வேலை. மாலையில் வீட்டுக்குள் நுழைந்தால் அவளுக்கு முன்னால் மண்ணெண்ணெய் வாசனை வரும்.

"எல்லாரும் பவுடர் வாசனையோட வருவாங்க. நம்ம வீட்டு மகாராணி ஸ்டவ் வாசனையோட வர்றா" என்பாள் அம்மா.

அந்த ஷெட்டைப் பற்றி அவள் சொன்னவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது கருவிப் பலகை. ஒவ்வொரு கருவியும் மாட்டும் இடத்தில் அதனுடைய உருவத்தையே கறுப்பு வண்ணத்தில் வரைந்திருப்பார்களாம். வேலை முடிந்ததும் பலகையைப் பார்த்தால், எந்தக் கருவி திரும்பி வரவில்லையோ அதன் கறுப்பு நிழல் மட்டும் தெரியும். அதைக் கண்டுபிடிக்காமல் விமானத்தை வெளியே தள்ள மாட்டார்களாம். "எப்பேர்ப்பட்ட ஏற்பாடு!" என்று நான் நாலு பேரிடம் சொல்லி மாய்ந்துபோனேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் கடைச் சுவரில் கத்தரிக்கோல், தண்ணீர் தெளிக்கும் குப்பி, பிரஷ், ஊசிப் பெட்டி எல்லாவற்றுக்கும் நிழல் வரைந்து கொடுத்தாள். சுவருக்கு இரண்டு முறை வெள்ளை அடித்தபோதும் அந்த இடத்தை மட்டும் விட்டுவிடச் சொன்னேன்.

விளக்குப் பிடிக்கிறவள் திருப்புளி பிடிக்க வேண்டுமானால் சான்றிதழ் வேண்டும். அதற்குச் செய்முறைத் தேர்வுக்கு முன்னால் மூன்று தாள்கள் எழுதித் தேற வேண்டும். முதல் தாள் பொதுவானது: கணக்கு, மின்சாரம், எடை, சட்டதிட்டம். இரண்டாவது தாள் விமானத்தின் உடம்பு. மூன்றாவது இன்ஜின். எல்லாமே கம்ப்யூட்டரில். ஒரு கேள்விக்கு ஏ, பி, சி என்று மூன்று விடைகள் இருக்கும், ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நூற்றுக்கு எழுபது எடுத்தால் தேர்ச்சி.

முதல் இரண்டு தாள்களையும் அவள் தன்னந்தனியாகப் படித்துத் தேறினாள். ஷெட்டில் சாப்பாட்டு நேரத்தில் விமானச் சக்கரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படிப்பாளாம். இரண்டாவது தாள் தேறிய வாரத்தில் ஷெட்டுக்குப் புது மேலாளர் வந்தார். வந்ததும் ஓர் அறிவிப்பு ஒட்டினார். வருஷக் கடைசிக்குள் மூன்று தாளும் தேறிய உதவியாளர்கள் டெக்னீஷியன் பயிற்சிக்குப் போகலாம். தேறாதவர்கள் விமானத்துக்குள்ளே இருக்கையும் தரையும் சுத்தம் செய்யும் பிரிவுக்கு மாற்றப்படுவார்கள்.

"சுத்தம் பண்றதும் வேலைதானே?" என்று கேட்டேன்.

"வேலைதான். ஆனா அங்க போயிட்டா இன்ஜின் பக்கமே விட மாட்டாங்கக்கா. கண்ணாடி வழியா இறக்கைக்குக் கீழ தொங்கறதைப் பாத்துக்கிட்டே கம்பளத்தைக் கூட்டணும்." கதவுப் பூட்டின் ஸ்பிரிங்கைப் பற்றிப் பேசும்போது இருக்கும் முகம் அப்போது அவளுக்கு இருந்தது.

இதற்கு நடுவில் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். மாவுக்கட்டுப் போட்டாயிற்று. ஒரு விடுதியின் படுக்கை விரிப்புகளை அப்போதுதான் புதிதாக ஒப்புக்கொண்டிருந்தோம். பகல் முழுவதும் நான் ஒருத்தியே தேய்த்தேன். மாலையில் தோள்பட்டை என்னுடையது இல்லைபோல் ஆகிவிடும். திருகாணி வந்து, கையைச் சோப்புப் போட்டு முழங்கைவரை கழுவி, முகர்ந்து பார்த்துவிட்டு, "தள்ளு" என்று என் கையிலிருந்து இஸ்திரிப் பெட்டியை வாங்கிக்கொள்வாள். மூன்றாம் தாளின் புத்தகம் அலமாரி மேலே கிடந்தது.

"அடுத்த வருஷம் பாத்துக்கலாம்க்கா."

"அடுத்த வருஷம் என்னத்தைப் பாப்பே? கம்பளத்தையா?" என்றேன். "உனக்குக் கைதானே வேலையா இருக்கு? காது சும்மாதானே இருக்கு? நான் படிக்கறேன், நீ சொல்லு."

"நீயா? இங்கிலீஷா?"

"எழுத்து தெரியும்டி. அர்த்தம் உன் பாடு."

அப்படித்தான் தொடங்கினோம். மேசைக்கு அந்தப் பக்கம் அவள் நிற்பாள். இந்தப் பக்கம் ஸ்டூலில் நான். நீளமான சொற்களை அவள் எனக்கு இரண்டு மூன்று துண்டுகளாக உடைத்துக் கொடுத்தாள். பெரிய விரிப்பை மடிப்பதுபோல, பாதி, பிறகு பாதி, பிறகு பாதி. பத்து நாளில் கார்புரேட்டர், மேக்னெட்டோ எல்லாம் என் வாயில் சரளமாக வந்தன. ஒரு சட்டைக்கு மூன்று கேள்வி. காலருக்கு ஒன்று, கைகளுக்கு ஒன்று, முதுகுக்கு ஒன்று. அவள் தலையை நிமிர்த்தாமலே "பி" என்பாள், "ஏ" என்பாள். கேள்விக்கு அடியிலேயே விடை தடித்த எழுத்தில் அச்சாகியிருக்கும். நான் இடது கட்டைவிரலை அதன்மேல் வைத்திருப்பேன். விரலை எடுத்தால் அவள் சொன்னதேதான் இருக்கும்.

தொடக்கத்தில் பத்துக்கு ஆறு, ஏழு சொன்னாள். பிறகு ஒன்றுகூடத் தப்பவில்லை. அந்த மாலைகளை இப்போது நினைத்தாலும் எனக்கு உடம்பு லேசாகிவிடும். சூடான துணியின் வாசனை, தண்ணீர் தெளித்த இடத்தில் பெட்டி பட்டதும் எழும் சீறல், மாவுக்கட்டோடு உட்கார்ந்து ஒற்றைக் கையால் கைக்குட்டை மடிக்கும் அம்மா, "ஏ", "சி", "பி" என்று அவள் குரல். அம்மாவுக்கும் பெருமை தாங்கவில்லை. துணி வாங்க வருகிறவர்களை நிறுத்தி, "ஒரு கேள்வி கேட்டுப் பாருங்களேன்" என்பாள். அவர்கள் பாவம், சில்லறையைக் கையில் வைத்துக்கொண்டு விழிப்பார்கள்.

தேர்வுக்குப் போன நாள் நானே அவள் சட்டையைத் தேய்த்துக் கொடுத்தேன். சாயங்காலம் வந்தாள். செருப்பைக் கழற்றவில்லை, கையைக் கழுவவில்லை. நேராக மேசைக்கு வந்து என் கையிலிருந்த பெட்டியைப் பிடுங்கி ஒரு விரிப்பைத் தேய்க்கத் தொடங்கினாள். அந்த விரிப்பு முடிந்ததும் சொன்னாள்.

"ஐம்பத்தெட்டு."

"கம்ப்யூட்டர் கோளாறா இருக்கும்" என்றாள் அம்மா.

"கம்ப்யூட்டர் நல்லாத்தான் இருக்கு. எனக்குத்தான் என்னமோ ஆச்சு. வீட்டுல அக்கா படிக்கறப்ப சரியான விடை தானா எழும்பி வரும்மா. அங்க மூணும் செத்த மாதிரி கிடந்துச்சு. எதைப் பாத்தாலும் அதுதான் சரின்னு தோணுது."

ஒரு மாதம் கழித்துத்தான் மறுபடி எழுத முடியும். அந்த ஒரு மாதம் போனால் வருஷக் கடைசி வந்துவிடும். ஆகவே அவளுக்கு மிச்சம் இருந்தது ஒரே ஒரு முறை.

நாங்கள் என்ன செய்தோம்? முன்பு செய்ததையே இன்னும் அதிகமாகச் செய்தோம். நான் படித்தேன், அவள் சொன்னாள். எல்லாம் சரி. வீட்டில் நூற்றுக்கு நூறு எடுக்கிறவள் வெளியே எப்படித் தோற்றாள் என்று எனக்குப் பிடிபடவே இல்லை. பயந்திருப்பாள் என்று நினைத்தேன். அவளும் அப்படித்தான் நினைத்தாள்.

அப்போதுதான் எனக்கு ஜலதோஷம் பிடித்துத் தொண்டை கட்டிக்கொண்டது. வாயைத் திறந்தால் காற்றுத்தான் வந்தது. என் கணவர் பஸ் கண்டக்டர். அன்றைக்கு அவருக்குக் காலை ஷிப்ட், ஆகவே மாலையில் வீட்டில் இருந்தார். ஸ்டூலை அவரிடம் காட்டினேன்.

"நானா? நான் மார்க்கெட், ஆஸ்பத்திரின்னு கத்துற ஆளு. எனக்கு எதுக்கு இன்ஜினு?" என்றவர், கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

என் கணவரின் குரலைப் பற்றிச் சொல்ல வேண்டும். பல வருஷம் ஒரே தடத்தில் ஒரே நிறுத்தங்களின் பெயரைச் சொல்லிச் சொல்லி அதில் மேடு பள்ளம் எல்லாம் தேய்ந்துபோய்விட்டது. வீடு தீப்பிடித்துக்கொண்டது என்று அவர் சொன்னாலும் அடுத்த நிறுத்தம் ரயிலடி என்று சொல்வதுபோலத்தான் இருக்கும். அந்தக் குரலில் கேள்வியைப் படித்தார். ஏ படித்தார். பி படித்தார். சி படித்தார். நிறுத்தினார்.

திருகாணியின் கை அசையவில்லை. "இன்னொரு தடவை படிங்க மாமா."

படித்தார். "ஏ" என்றாள். தப்பு. அடுத்தது, தப்பு. அதற்கடுத்தது சரி, பிறகு மூன்று தப்பு.

"என்னம்மா, நான் படிச்சா இங்கிலீஷ் மாறிடுதா?" என்றார். "இறங்க வேண்டிய இடத்துல எல்லாம் இறங்காம போய்க்கிட்டே இருக்கியே."

அவள் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். புத்தகத்தை அவரிடமிருந்து வாங்கி, புரட்டி, ஓர் இடத்தில் விரித்து என்னிடம் நீட்டினாள். "அக்கா, காத்தா வந்தாலும் பரவால்ல. இதைப் படி."

"இது எந்தப் பாடம்?" என்று கிசுகிசுத்தேன்.

"நான் தொறந்தே பாக்காத பாடம். புரொப்பெல்லர். எங்க ஷெட்டுல அந்த மாதிரி விமானமே வராதுன்னு கடைசியில பாத்துக்கலாம்னு விட்டுட்டேன்."

அவள் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றாள். நான் வழக்கம்போல் கட்டைவிரலை விடைமேல் வைத்துப் படித்தேன்.

"பி" என்றாள். சரி. அடுத்தது "ஏ". சரி. "சி". சரி. அப்படியே ஏழு கேள்வி. படிக்காத பாடத்தில் ஒன்றுகூடத் தப்பவில்லை. மடித்துக்கொண்டிருந்த கைக்குட்டையை அம்மா மடியிலேயே போட்டுவிட்டாள்.

திருகாணி திரும்பினாள். சிரிப்பதா அழுவதா என்று தெரியாத முகம். "சரியான விடைக்கு முன்னாடி நீ ஒரு மூச்சு விடறேக்கா. அப்புறம் அதை மட்டும் காலர் தேய்க்கற மாதிரி மெதுவா, அழுத்திப் படிக்கறே. மத்த ரெண்டையும் தலையணை உறை மாதிரி சடசடன்னு தள்ளிடறே."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "விரலை வைக்கறப்ப விடை கண்ணுல படத்தானே செய்யும்? அதைத் தப்பா படிச்சிடக் கூடாதேன்னு கவனமா படிச்சேன். அது ஒரு குத்தமா?"

"குத்தமே இல்ல. நான்தான் இத்தனை நாளா இன்ஜினைப் படிக்கல, உன்னைப் படிச்சிருக்கேன்!" என்று சொல்லிவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து சிரித்தாள். எனக்குச் சிரித்தால் இருமல் வந்தது. என் கணவர் மட்டும் சிரிக்காமல், "அப்ப பரீட்சைக்கு உங்கக்காவையும் கூட்டிட்டுப் போயிருந்தா பாஸு" என்றார், ரயிலடிக் குரலில்.

சிரிப்பு அடங்கிய பிறகுதான் அவளுக்கு மூன்றாம் தாளில் பாதிகூட உருப்படியாகத் தெரியாது என்பது எங்கள் நால்வருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது. மாதத்தில் பாதி போயிருந்தது.

மறுநாள் காலையில் நான் முதல் காரியமாகத் துணிக்குக் குத்தும் எண் சீட்டுகளை எடுத்து, ஒவ்வொரு கேள்விக்கும் அடியில் இருந்த விடையின்மேல் ஒரு ஓரம் மட்டும் பசை தடவி ஒட்டினேன். தூக்கிப் பார்க்கலாம், ஆனால் தற்செயலாகக் கண்ணில் படாது. புத்தகம் முழுவதும் ஒட்டி முடிக்க இரண்டு நாள் ஆயிற்று. இனி எனக்கும் விடை தெரியாது. தெரியாததை என் குரல் எப்படிச் சொல்லும்?

சட்டத்தை அவளே போட்டாள். "இனிமே நான் விடையை மட்டும் சொன்னா ஒத்துக்காதீங்க. மத்த ரெண்டும் ஏன் தப்புன்னு கேளுங்க. உங்களுக்குப் புரியற மாதிரி சொன்னாத்தான் சீட்டைத் தூக்கணும்."

"எனக்குமா?" என்றாள் அம்மா.

"உனக்குப் புரிஞ்சா போதும். யாருக்கும் புரியும்."

"வாயைப் பாரு!" என்று அம்மா மாவுக்கட்டைத் தூக்கிக் காட்டினாள்.

அதற்குப் பிறகு ஒரு சட்டைக்கு ஒரு கேள்விகூட நகரவில்லை. என் கணவருக்குக் காலை ஷிப்ட் இருக்கும் நாளெல்லாம் அவர் படித்தார். மற்ற நாட்களில் நான். ஜெட் இன்ஜினை உயிர்ப்பிக்கும்போது உள்ளே வெப்பம் அளவை மீறிப் போகிறது, முதலில் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு கேள்வி வந்தது. சுழற்றிவிடும் ஸ்டார்ட்டரை நிறுத்துவதா, எரிபொருளை நிறுத்துவதா, கொஞ்சம் பொறுத்துப் பார்ப்பதா?

"அக்கா, அடுப்புல பால் பொங்குது. என்ன பண்ணுவே?"

"அடுப்பை அணைப்பேன். பாலை ஊதுவேன்."

"அவ்வளவுதான்! எரிபொருளை நிறுத்தணும். ஆனா ஸ்டார்ட்டரை நிறுத்தக் கூடாது, ஏன்னா அதுதான் காத்தை உள்ள தள்ளி ஊதுது."

"பொறுத்துப் பாக்கறது?" என்றார் என் கணவர்.

"பொறுத்துப் பாத்தா இன்ஜினே உருகிடும் மாமா."

"அப்ப சி-ல யாரும் இறங்க வேணாம். போலாம் ரைட்."

இன்னொரு நாள் இன்ஜினில் பொறி உண்டாக்கும் பிளக்கைக் கழற்றுவதற்கு முன் என்ன செய்ய வேண்டும் என்று கேள்வி. மின்சாரம் வரும் கம்பியை முதலில் விடுவித்துவிட்டு, உள்ளே தேங்கியிருப்பது வடியும்வரை காத்திருக்க வேண்டும், பிறகுதான் கை வைக்க வேண்டும் என்று அவள் விளக்கினாள். அம்மா சலித்துக்கொண்டாள். "இஸ்திரிப் பெட்டியைத் தொடைக்கறதுக்கு முன்னாடி பிளக்கைப் புடுங்கி ஆற விடுன்னு உனக்கு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்? அப்ப கேக்கல. இப்ப அதுக்குப் பரீட்சை எழுதறாளாம் பரீட்சை."

அம்மாவுக்குப் புரியாத கேள்விகளும் வந்தன. அப்போது திருகாணிக்குக் கோபம் வரும், பெட்டியைப் பலகையில் தேவைக்கு மேல் அழுத்துவாள். பிறகு அவளே, "உனக்குப் புரியல, ஏன்னா எனக்கே புரியல" என்று ஒப்புக்கொண்டு, மறுநாள் ஷெட்டில் திறந்து கிடக்கும் இன்ஜினுக்குப் பக்கத்தில் போய் நின்று பார்த்துவிட்டு வருவாள். வந்து கையைக் கழுவியதும் முதல் பேச்சு அதுதான். சில நாள் அவள் சொல்வதற்கு முன்பே எனக்கு விடை தோன்றிவிடும். வாயை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று யாருக்கும் தெரியாது.

அம்மாவின் கட்டைப் பிரித்தார்கள். விடுதிக்காரர்கள் விரிப்புகள் நேர்த்தியாக இருப்பதாகச் சொல்லியனுப்பினார்கள். தேர்வு நாளும் வந்தது. அவள் சட்டையை அன்றைக்கும் நான்தான் தேய்த்தேன். வாசலில் நின்று, "அக்கா, இன்னிக்கு ஒண்ணும் தானா எழும்பி வராது, இல்ல?" என்றாள்.

"வந்தா நம்பாதே" என்றேன்.

அன்று மாலை நான் ஒரு வெள்ளைச் சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். அம்மா எனக்கு எதிரே. என் கணவருக்கு அன்று காலை ஷிப்ட், ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார், கையில் புத்தகம் இல்லாமல். திருகாணி வந்தாள். வாசலிலேயே நின்றாள். பையிலிருந்து மடித்த தாளை எடுத்து விரித்து, முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டாள். தாளுக்கு மேலே நெற்றி மட்டும் தெரிந்தது.

"கேள்வி" என்றாள். "மூன்றாம் தாள் எழுதிய உதவியாளரின் நிலை என்ன? ஏ. தேறவில்லை. பி. தேறினார். சி. கம்ப்யூட்டர் பழுதானதால் தேர்வு தள்ளிவைக்கப்பட்டது."

அப்படியே என் கணவரின் குரல். மார்க்கெட், ஆஸ்பத்திரி, ரயிலடி. ஏ-யும் அப்படித்தான் இருந்தது, பி-யும் அப்படித்தான், சி-யும் அப்படித்தான். எங்கேயும் ஒரு மூச்சு இல்லை. நான் காதைத் தீட்டிக்கொண்டு அந்தக் குரலில் ஒரு சின்ன மேடாவது தட்டுப்படுகிறதா என்று தேடினேன். அவள் பிறந்ததிலிருந்து நான் கேட்கிற குரல் அது. ஒன்றும் கிடைக்கவில்லை.

"சொல்லித் தொலையேண்டி!" என்றாள் அம்மா.

"அக்காதான் சொல்லணும்."

அவளை மேலிருந்து கீழ்வரை பார்த்தேன். "பி" என்றேன்.

"மத்த ரெண்டும் ஏன் தப்பு?"

"ஏ தப்பு. போன தடவை தோத்துட்டு வந்தப்ப செருப்பைக்கூடக் கழட்டாம நேரா வந்து பெட்டியைப் புடுங்கினே. இன்னிக்குச் செருப்பை ஜோடியா ஓரமா விட்டிருக்கே. பெட்டி பக்கமே வரல."

தாளுக்குப் பின்னாலிருந்து, "சி?"

"தள்ளி வெச்சிருந்தாங்கன்னா உனக்குக் கோபம் வந்திருக்கும். நீ வர்றதுக்கு முன்னாடி தெருமுனையில உன் சத்தம் வந்திருக்கும். இன்னிக்கு நீ வந்ததே எனக்குத் தெரியல."

"யாருக்கும் புரியற மாதிரி இருக்கு" என்றார் என் கணவர். "சீட்டைத் தூக்கும்மா."

அவள் தாளைக் கீழே இறக்கினாள். முகம் முழுக்க நனைந்திருந்தது. "எண்பத்திநாலு" என்றாள். இந்த முறை குரல் அவளுடையது. "தெருமுனையிலேர்ந்து மாமா மாதிரியே சொல்லிச் சொல்லிப் பாத்துக்கிட்டு வந்தேன்க்கா. குரல் நடுங்கிடுச்சுன்னா உனக்குத் தெரிஞ்சிடுமே."

அம்மா அவளை எட்டிப் பிடித்து, கட்டுப் பிரித்த கையாலேயே முதுகில் ஓர் அடி வைத்தாள். பிறகு அதே இடத்தைத் தடவிக்கொடுத்தாள்.

நான் கையில் இருந்த இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தேன். பிளக்கைப் பிடுங்கினேன். வெள்ளைச் சட்டையை ஒருபக்கமாக நகர்த்தினேன். அதன் பிறகுதான் அழுதேன்.